தகுதி என்னும் தாழ்ப்பாள்

கலைமன்றம் ஒன்று நேர்மையாக நடக்கிறதா என்று அறிய விரும்புவோர், மேடையில் அமர்ந்திருப்பவர் யார் என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. அவரை அங்கே அமர்த்தியவர் யார், எந்த அளவுகோலால் அளந்து அமர்த்தினார், அந்த அளவுகோல் ஊரார் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கிறதா, உள்ளே நுழையவே வழியின்றி வாயிலில் நின்றுவிட்டவர் யார் யார் என்றெல்லாம் கேட்டாக வேண்டும். கேட்டால் சிலருக்குச் சினம் பிறக்கிறது. “கலையிலே அரசியலைக் கலக்காதீர், இங்கே தகுதி ஒன்றுதான் பேசும்” என்கிறார்கள். தகுதி பேசட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் அது யாருடைய குரலில் பேசுகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டன்றோ? அந்தக் கேள்விக்கு, நாம் தேடிப் போகாமலே, 2024ஆம் ஆண்டில் ஒரு விடை வெளிவந்தது.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், சென்னை மியூசிக் அகாதமி தன் ‘சங்கீத கலாநிதி’ விருதைப் பாடகர் டி. எம். கிருஷ்ணாவுக்கு வழங்குவதாக அறிவித்தது. அறிவிப்பு வந்த சில நாள்களில் புயல் எழுந்தது. ரஞ்சனி–காயத்ரி சகோதரிகள், அவர் தலைமையில் நடைபெறும் மாநாட்டிலிருந்தும் திசம்பரில் அங்கே தாம் பாடவிருந்த கச்சேரியிலிருந்தும் விலகுவதாக அறிவித்தனர். திருச்சூர் சகோதரர்களும் வேறு சிலரும் அவர்களைப் பின்பற்றினர். சித்திரவீணைக் கலைஞர் ரவிகிரண், 2017இல் தாம் பெற்ற அதே விருதைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அகாதமியின் தலைவர் என். முரளி, சகோதரிகளின் கடிதம் அவதூறின் எல்லையைத் தொடுகிறது என்று கடிந்து விடையிறுத்தார். நெடுங்கால இசைச் சிறப்பு ஒன்றையே பார்த்துத் தேர்ந்தோம், புறக்காரணம் எதுவும் இல்லை என்றும் கூறினார்.

விலகியவர்கள் அடுக்கிய குற்றச்சாட்டுகள் எவை? இசையுலகைப் பழித்தார், தியாகராசரையும் எம். எஸ். சுப்புலட்சுமியையும் மதிக்கவில்லை, பெரியாரைப் போற்றுகிறார் என்பவையே. வைக்கம் போராட்ட நூற்றாண்டையொட்டி 2023இல், பெரியாரைப் பற்றிப் பெருமாள்முருகன் எழுதிய பாடலைக் கிருஷ்ணா பாடியிருந்தார். அது பலர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது.

முதலில் ஒன்றை நாணயமாகச் சொல்லிவிடுவோம். விலகும் உரிமை அவர்களுக்கு உண்டு. தன் மனத்துக்கு ஒவ்வாத மேடையில் பாடமாட்டேன் என்று ஒரு கலைஞர் சொன்னால், பாடித்தான் ஆகவேண்டும் என்று எவரும் கையைப் பிடித்து இழுக்க முடியாது. கிருஷ்ணாவே 2015இல், சென்னையின் திசம்பர் விழாவில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்து விலகியவர்தாம். அவர் விலகியது அறம், இவர்கள் விலகியது குற்றம் என்று தீர்ப்பெழுதினால், நாம் பகுத்தறிவாளர் ஆகமாட்டோம். வேறொரு பக்கத்தின் பக்தர்களாவோம். ஆகவே விலகியதைக் குறை சொல்வதற்கில்லை. விலகியதற்குச் சொன்ன காரணத்தைத்தான் எடைபோட வேண்டும்.

எடைபோட்டுப் பார்த்தால் வியப்புக்குரிய ஓர் உண்மை புலப்படும். கிருஷ்ணாவின் சுருதி பிசகியது என்று அவர்கள் வழக்காடவில்லை. தாளம் தவறினார், இராகம் அறியார் என்பதும் அவர்களின் வழக்கன்று. அவரது இசைத் தகுதியை ஏற்றுக்கொண்ட பின்னும், “இவர் கூடாது” என்றார்கள். இத்தனை காலமும் நாம் கேட்டுவந்த விடை என்ன? “சாதி பார்ப்பதில்லை, கொள்கை பார்ப்பதில்லை, பிறப்புப் பார்ப்பதில்லை, இசை ஒன்றே பார்க்கிறோம்” என்பதன்றோ! இசை ஒன்றே அளவுகோலானால், ஒருவர் யாரைப் போற்றுகிறார் என்ற கேள்வி அந்த மண்டபத்துக்குள் எப்படி நுழைந்தது? தகுதி என்பது தராசாக மட்டும் இருந்ததில்லை; வேண்டியபோது திறந்து, வேண்டாதபோது அடைக்கும் தாழ்ப்பாளாகவும் இருந்திருக்கிறது. இதை நம்மவர் சொன்னபோது ‘துவேஷம்’ என்றார்கள். 2024இல் அவர்களே மெய்ப்பித்துக் காட்டிவிட்டார்கள்.

ஆயினும் இதைக் கண்டு கைதட்டிவிட்டு, அகாதமி சீர்திருந்திவிட்டது என்று வீடு திரும்பினால், பாதி வழியில் படுத்துறங்கியவர்கள் ஆவோம். கிருஷ்ணா யார்? உள்ளே பிறந்து, உள்ளே வளர்ந்தவர். செம்மங்குடி சீனிவாச அய்யரிடமும் பாடம் கேட்டவர். இளமையிலேயே பெரிய மேடைகள் அவருக்குத் திறந்திருந்தன. இந்த இசையுலகம் ஒரு சாதியின் பிடியில் இருக்கிறது என்று அவர் பேசுவதும் எழுதுவதும் பாராட்டத்தக்கவையே. 2015 முதல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் நடுவே நடந்த கலைவிழாவில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 2016இல் ராமன் மகசேசே விருதும் பெற்றார். ஆனால் நாற்காலி உடையவன்தான் நாற்காலியை விட்டெழ முடியும். நாற்காலியே இல்லாதவன் எதைத் துறப்பான்? அவன் விலகினால் ஏடுகள் எழுதா. அவன் வராததை ஒருவரும் கவனிக்கவும் மாட்டார்.

முரளி அவர்களின் விடையையும் இவ்வாறே உற்றுநோக்க வேண்டும். தாக்குதலுக்கு வளைந்துகொடுக்காமல் நின்றது நல்லது. ஆனால் அவரும் “இசைச் சிறப்பு ஒன்றே” என்ற அதே சொல்லின் பின்னேதான் நின்றார். எதிர்த்தவர்களும் தகுதியின் பெயரால் எதிர்த்தார்கள். கொடுத்தவர்களும் தகுதியின் பெயரால் கொடுத்தார்கள். அந்தத் தகுதி எங்கே விளைகிறது, யார் வயலில் விளைகிறது, எவர் வயலுக்கு நீரே பாயவில்லை என்பதை இரு சாராரும் பேசவில்லை. வழக்கு ஒருவரைப் பற்றியதாகச் சுருங்கியது. வாயிலைப் பற்றியதாக விரியவில்லை.

வாயிலின் வரலாறு நீண்டது. 1927இல் சென்னையில் காங்கிரசு மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக, 1928இல் தோன்றியது அகாதமி. அக்காலத்தில் நாதசுர உலகின் பேரரசராக விளங்கியவர் திருவாவடுதுறை இராசரத்தினம். 1947இல் விடுதலைத் திருநாளில் தில்லியில் நாயனம் இசைத்தவர் அவர். 1956இல் மறைந்தார். ‘சங்கீத கலாநிதி’ பெற்றோர் வரிசையைத் தேடிப் பாருங்கள். அவர் பெயர் அதில் இல்லை. தகுதி இல்லாமலா? நாதசுரம் கேட்ட எவரும் அப்படிச் சொல்லத் துணியார். கோயில் வாயிலிலும் ஊர்வலத்திலும் நின்றுகொண்டு ஊதவேண்டிய கருவி என்று சமுதாயம் அதற்கோர் இடத்தை வரையறுத்து வைத்திருந்தது. கானாடுகாத்தானில் நாயனக் கலைஞர் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டிருந்ததற்கே தடை சொன்னவர்கள் இருந்த நாடு இது. அந்தத் துண்டுக்காகப் பட்டுக்கோட்டை அழகிரி குரல் கொடுக்க வேண்டியிருந்தது. தோளில் துண்டிருக்கக் கூடாது என்று சொன்ன சமுதாயமா, கையில் கருவியின் தகுதியை நடுநிலையோடு அளந்திருக்கும்?

மொழிக்கும் இதே கதிதான். தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று கேட்பதற்கே ஓர் இயக்கம் தேவைப்பட்டது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது; அகாதமியோ அதை எதிர்க்கும் பக்கம் நின்றது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அன்றும் தடையின் பெயர் தகுதிதான்: தமிழ்ப் பாட்டில் ‘கனம்’ இல்லை என்றார்கள். பெண்களுக்கோ இன்னொரு தடை. பெண் பாடினால் பக்கத்தில் அமர்ந்து மிருதங்கம் வாசிப்பதில்லை என்ற வழக்கத்தைப் பெரும் வித்துவான்கள் நெடுங்காலம் காத்துவந்தனர். 1968இல் எம். எஸ். சுப்புலட்சுமிக்கு அளிக்கப்படும் வரை, எந்தப் பெண்ணுக்கும் ‘சங்கீத கலாநிதி’ கிட்டவில்லை. நாற்பது ஆண்டுகளாக இந்நாட்டில் பாடத் தெரிந்த பெண்ணே பிறக்கவில்லை என்று எவரேனும் நம்பமுடியுமா?

அந்தச் சுப்புலட்சுமியின் பெயரே 2024இல் நீதிமன்றம் ஏறியது. சங்கீத கலாநிதி பெறுபவருக்கு அவர் பெயரால் நாளிதழ் ஒன்று 2005 முதல் தனிப் பரிசு வழங்கிவந்தது. அதைக் கிருஷ்ணாவுக்குக் கொடுக்கக் கூடாது என்று அம்மையாரின் பேரர் வழக்குத் தொடுத்தார். தம் பெயரால் அறக்கட்டளையோ நினைவுச் சின்னமோ வேண்டாம் என்று அம்மையார் 1997இல் எழுதிய உயில் சான்றாகக் காட்டப்பட்டது. நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, அப்பெயரில் பரிசு வழங்கத் தடைவிதித்தார், திசம்பரில் இருவர் ஆயம் அத்தடையை நீக்கியது, பரிசும் வழங்கப்பட்டது. திசம்பர் 16இல் உச்சநீதிமன்றம், கிருஷ்ணாவை அப்பரிசு பெற்றவராகக் கருதலாகாது என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. சட்டத்தின் வழியைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். நாம் எண்ணவேண்டியது வேறு. சுப்புலட்சுமி மதுரையில் வீணை சண்முகவடிவின் மகளாய், இசையே வாழ்வாய் இருந்த குடியில் பிறந்தவர். அந்தக் குடியின் பெண்கள் எத்தனையோ பேர், மேடை ‘புனிதம்’ பெற்றபோது மேடையை இழந்தார்கள். ஒருவர் பெயரைக் காக்க இத்தனை வழக்குமன்றங்கள். அவர் பிறந்த குடியின் மறைந்துபோன பெயர்களைக் கேட்க ஒரு மன்றமும் இல்லை!

பெயர் இல்லாமல் போனவர் இன்னும் உளர். மிருதங்கத்தை வாசிப்பவர் பெயர் அழைப்பிதழில் உண்டு. செய்தவர் பெயர் உண்டா? மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் சேர்ந்தால்தான் மிருதங்கம் பேசும். அந்தத் தோலைத் தேர்ந்து, பதம் பார்த்து, நாதம் பிறக்கச் செய்வோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். அவர்களைப் பற்றிக் கிருஷ்ணா எழுதிய ஆங்கில நூல் ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ 2020இல் வெளிவந்தது. வெளியீட்டு விழாவுக்கு இடந்தர இசைந்திருந்த கலாசேத்திரம், நூலின் ஒரு பகுதி ஏட்டில் வந்ததும் அந்த இசைவைத் திரும்பப் பெற்றது. நல்லிணக்கம் கெடும் என்றது. விழா வேறிடத்தில் நடந்தது. தோலின் நாதம் வேண்டும். தோல் எங்கிருந்து வந்தது என்ற பேச்சு மட்டும் வேண்டாம்! நல்லிணக்கம் என்பது இதுதானா?

இதை ஆரணியில் இருந்துகொண்டு எழுதும்போது, உவமை தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் நிறைந்த ஊர் இது. மார்கழி மேடைகளில் பளபளக்கும் பட்டுப் புடவைகளில் எத்தனையோ இவ்வூர்த் தறிகளிலும் சுற்றுப்புறத் தறிகளிலும் பிறந்தவை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஊருக்குப் பெயர் கிடைத்தது, நெய்தவருக்கு? புடவை மேடையேறுகிறது, நெய்தவர் வீட்டுப் பிள்ளை மேடையேறுகிறதா? வகுப்பறையில் மேசையைத் தட்டித் தாளம் போடும் பிள்ளைகளை ஆசிரியர்கள் நாள்தோறும் பார்க்கிறோம். “சும்மா இரு” என்று அதட்டுகிறோம். அந்த விரலில் இருப்பது குறும்பா, கலையா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் பள்ளியில் இல்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளி திருவண்ணாமலையில் இருக்கிறது. தார் சுற்றி வீட்டுக்கு உதவும் பிள்ளை, பேருந்து ஏறி அங்கே போய்ப் படிக்க எத்தனை தடைகளைத் தாண்ட வேண்டும்!

“அப்படியானால் இசை மேடையிலும் இடஒதுக்கீடு கேட்பீரோ? கலை கெட்டுப்போகாதா?” என்று ஏளனமாய் வினவுவோர் உண்டு. அவர்களுக்குத் தறியே விடை சொல்லும். கோர்வை போடும் திறமையோடு எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை. தார் சுற்றிப் பழகி, பாவு புணைக்கப் பார்த்து, இழை அறுந்தால் முடியக் கற்று, முதற்புடவையில் பிழை செய்து, திட்டு வாங்கி, மீண்டும் அமர்ந்து, பல ஆண்டுகளில் கைவருவது அது. இசையும் அப்படியே. காதுக்குப் பழக்கம் வேண்டும், கற்பிக்க ஆசான் வேண்டும், பழக ஓய்வு வேண்டும், முதற் கச்சேரியில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ள ஓர் அவை வேண்டும். இந்த நான்கையும் ஒருவனுக்குத் தொட்டிலிலேயே கொடுத்துவிட்டு, மற்றவனுக்கு நான்கையும் மறுத்துவிட்டு, இருபது வயதில் இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, “ஓடுங்கள், வென்றவனே தகுதியுடையவன்” என்பது ஓட்டப்பந்தயம் அன்று. ஓட்டப்பந்தயம் போன்றதொரு நாடகம்.

வாயில் திறந்தால் கலை கெடாது என்பதற்குச் சான்றும் நம் பக்கத்திலேயே உண்டு. நம் வட்டாரத்தின் கூத்து, ஆடவர் மட்டுமே ஆடிவந்த கலை. பாஞ்சாலியாகவும் ஆண்தான் வேடம் கட்டினார். காஞ்சிபுரத்தில் பி. இராசகோபால் முதலியோர் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தனர். பின்னர் நடத்திய குருகுலத்தில் பள்ளிக் கல்வியோடு கூத்தும் கற்பித்தனர். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டனர். அப்பெண்கள் வேடம் கட்டி ஆடியபோது மத்தளம் கிழிந்துவிடவில்லை, கதை மறந்துவிடவில்லை. கூத்துக்குப் புதிய கால்கள் கிடைத்தன. குருகுலம் 2020இல் மூடப்பட்டது என்பது வருந்தத்தக்கது. ஆனால் அது காட்டிய உண்மை மூடப்படவில்லை: தகுதியைக் கண்டபின் வாயிலைத் திறப்போம் என்று காத்திருந்தால் தகுதி பிறக்காது, வாயில் திறந்தபின்னரே அது பிறக்கும்.

எனவே கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். விருதுக்கும் மேடைக்கும் தேர்ந்தெடுப்பவர் யார், எவ்வளவு காலத்துக்கு என்பது வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். எந்த அளவுகோல் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். பாடுபவருக்கு எவ்வளவு, பக்கவாத்தியத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு கலைஞர்களுக்கேனும் மறைக்கப்படலாகாது. கருவி செய்தவர் பெயர் நிகழ்ச்சித் தாளில் அச்சேற வேண்டும். முறையீடு சொல்லும் மாணவிக்குச் செவிசாய்க்க, ஆசானுக்கு அஞ்சாத ஒரு குழு வேண்டும். 2018இல் பாலியல் புகார்கள் எழுந்தபின் அகாதமி ஏழு கலைஞர்களை அவ்வாண்டு விழாவிலிருந்து நீக்கியது. 2023இல் கலாசேத்திர மாணவிகள் முற்றத்தில் அமர்ந்து போராடிய பிறகே ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக்குழு அமைந்தது. பிள்ளைகள் தரையில் அமர்ந்தால்தான் பெரியவர்கள் நாற்காலியிலிருந்து எழுவார்கள் என்றால், அங்கே குரு பக்தி இருக்கலாம், நீதி இல்லை.

தோழர்களே, இதுவரை விரல் சென்னையை நோக்கி நீண்டது. இனி நம் பக்கம் திரும்பட்டும். நம் மாநாட்டு ஊர்வலங்களில் பறை முழங்குகிறது, எழுச்சி பிறக்கிறது. ஊர்வலம் பந்தலை அடைந்ததும் பறை அடித்தவர் எங்கே போகிறார்? பேச்சாளர்கள் மேடையேறுகிறார்கள், அவரோ பந்தலுக்கு வெளியே தேநீர்க் கடையோரம் நிற்கிறார். அவர் பெயர் துண்டறிக்கையில் இருந்ததா? பேசிய தொகை உரிய நாளில் கைக்கு வந்ததா? நம் ஊர் இலக்கிய மன்றத்தில் தலைவரும் செயலாளரும் எத்தனை ஆண்டுகளாக மாறாதிருக்கிறார்கள்? கவியரங்கத்துக்கு அழைக்கப்படுவோரில் பெண்கள் எத்தனை பேர்? பட்டிமன்றத் தலைப்பாகச் சமத்துவத்தை வைத்துக்கொண்டு, அணி பிரிக்கும்போது பழகிய முகங்களையே அழைப்பது என்ன நியாயம்? தமிழிசைக்காகப் போராடி மன்றம் கண்டோம்; பாட்டின் மொழி மாறியது. பாடுகிறவர் வரும் தெரு மாறியதா என்று அதே ஊக்கத்தோடு கேட்டோமா?

கடுமையாகக் கேட்பதாக எண்ண வேண்டாம். பிறர் மன்றத்தின் கதவைத் தட்டுகிறவனுக்குத் தன் மன்றத்தின் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கும் கடமை உண்டு. அகாதமியை மாற்றும் ஆற்றல் இவ்வூர் இளைஞனுக்கு இன்று இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஊர் மன்றத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, “கணக்கைப் படியுங்கள், அழைப்போர் பட்டியல் எப்படித் தயாரானது சொல்லுங்கள், கூத்தாடுவோரும் பறை அடிப்போரும் குழுவில் இடம்பெற வேண்டும்” என்று கேட்கும் ஆற்றல் அவனுக்கு உண்டு. பள்ளி ஆண்டுவிழாவில், பணங்கட்டி நடனம் பயின்ற நான்கு பிள்ளைகளையே ஆண்டுதோறும் ஆடவிடாமல், மேசையைத் தட்டும் பிள்ளையின் கையில் ஒரு கருவியைக் கொடுத்துப் பார்க்கும் ஆற்றல் ஆசிரியனுக்கு உண்டு.

2025 புத்தாண்டு நாளில் கிருஷ்ணா தம் விருதைப் பெற்றுக்கொண்டார். வாழ்த்துவோம். ஒருவருக்கு மாலை விழுந்ததால் வாயில் திறந்துவிட்டது என்று மட்டும் ஏமாற வேண்டாம். தாழ்ப்பாள் கதவின் உட்புறத்தில் இருக்கிறது. அதை நீக்க உள்ளே இருப்பவரின் நல்ல மனம் வேண்டும். அந்த மனம் வரும்வரை வெளியே இருப்பவரின் ஓயாத குரல் வேண்டும். நாம் உள்ளே இருக்கும் மன்றங்களில் தாழை நீக்குவோம். வெளியே நிற்கும் மன்றங்களின் முன்னே குரலை உயர்த்துவோம். இரண்டையும் ஒருசேரச் செய்கிறவனுக்கே தகுதியைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு.